ஏன் என்று கேட்காத வியாபாரம்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி குச்சி எழுதுவது. உடம்பு பரவாயில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாமா நன்றாக இருக்கிறாரா? மழையில் கடையின் பின்கூரை ஒழுகுகிறது என்றாயே, மாற்றிவிட்டீர்களா?

போனில் பேசினால் போதாதா என்று கேட்பாய். பேசினேனே, மூன்று முறை. நான் அந்த விஷயத்துக்கு வரும்போதெல்லாம் சொல்லிவைத்த மாதிரி, "இருடா, கடைக்கு ஆள் வந்திருக்கு" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும்.

இரண்டு காரியம் இருக்கிறது. முதலாவது, எங்கள் கல்லூரியில் ஏப்ரல் 5 அன்று ஒரு நாடகம் போடுகிறோம். முந்நூறு வருஷத்துப் பழைய சோக நாடகம். நான் வகுப்பில் பத்து வருஷமாக நடத்தும் பாடம்தான். அதில் தளபதி வேஷம் எனக்கு. எங்கள் இயக்குநர், தாடி என்று கூப்பிடுவோம், கதையே ஒரு கதவுதான் என்கிறார். கோட்டைக்கு வெளியே ஒரு படை வருகிறது. மகன் ஜெயித்துத் திரும்புகிறான் என்று நினைத்து, தளபதி தன் கையாலேயே கதவைத் திறந்துவிடுகிறான். வந்தது எதிரி. ஊர் எரிந்துபோகிறது. தளபதியை மட்டும் அவர்கள் கொல்லவில்லை. "நீ இரு" என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். அதுதான் தண்டனை. மூன்றாம் அங்கத்தில் அவன் அந்தக் கதவுக்கு முன்னால் தனியாக நின்று, இனி இருப்பதா போவதா என்று பதினோரு நிமிடம் பேசுகிறான். அட்டைக் கதவு வேண்டாம், நிஜக் கதவு வேண்டும் என்கிறார் தாடி. பழைய கதவு விற்கிற அக்கா இருக்கிறாள் என்று வாய்விட்டுவிட்டேன்.

இரண்டாவது. தாடி என்னிடம், "இந்தப் பேச்சை நீ பேசுறே, ஆனா உனக்கு இது தெரியலை" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே சாவு அப்பாவுடையது. அதனால் கேட்கிறேன். அப்பா கிணற்றில் விழுந்தாரா, அக்கா? அல்லது போனாரா?

மாமாவுக்கு என் வணக்கம். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
குச்சி


ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முதுகு அப்படியேதான் இருக்கிறது. கதவு தூக்கிப் பிழைப்பவளுக்கு முதுகு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும்? உன் மாமா குத்துக்கல் மாதிரி இருக்கிறார். கூரை மாற்றியாயிற்று. நீ மூன்றாம் மாடி ஏறி இறங்குகிறாயே, அந்த இருமல் போயிற்றா?

கதவு தருகிறேன். ஒரு பெரிய வீட்டு வாசலில் இருந்த இரட்டைக் கதவு, நிலையோடு, போன மாதம்தான் இறக்கினோம். ஆறு பேர் தூக்கவேண்டும். ஆணி அடிக்கக் கூடாது, சிவப்புப் பெயின்ட் ஊற்றி ரத்தம் என்று சொல்லக் கூடாது, நாடகம் முடிந்ததும் கீறலில்லாமல் திரும்பி வரவேண்டும். உன் தாடியிடம் இதைப் படித்துக் காட்டு.

அந்தத் தளபதியைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்வி. கோட்டைக் கதவு என்றால் அதற்குள் ஓர் ஆள் குனிந்து போகிற சின்னக் கதவு இருக்கும். எந்தத் தச்சனும் அதில்லாமல் செய்யமாட்டான். அதைத் திறந்து யார் நிற்கிறார்கள் என்று பார்க்கத் தெரியாதவனைத் தளபதியாக வைத்த ராஜாவை முதலில் உதைக்கவேண்டும். பார்க்காமல் திறந்துவிட்டு, ஊரைக் கொளுத்தவிட்டு, அப்புறம் நின்று பதினோரு நிமிடம் பேசுகிறானாம். அந்த நேரத்தில் எரிகிற வீட்டில் நாலு பேரை வெளியே இழுத்திருக்கலாம். உன் மாமாவிடம் சொன்னேன். "அவன் பேசாம இருந்திருந்தா டிக்கெட் யாரு வாங்குவா?" என்கிறார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

அப்பாவுக்குக் கால் தவறியது. கிணற்றடி பாசி பிடித்துக் கிடந்தது. இதை உனக்கு ஒன்பது வயதில் சொன்னேன், பதினைந்து வயதில் சொன்னேன், உன் கல்யாணத்தன்று கேட்டாய், அன்றும் சொன்னேன். இனிமேல் கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாடியிடம் படித்துக் காட்டினேன். அந்தச் சின்னக் கதவு விஷயத்தில் அவர் ஆடிப்போய்விட்டார். முந்நூறு வருஷமாக ஒரு பேராசிரியர்கூடக் கேட்காத கேள்வி என்கிறார். இருமல் இருக்கிறது, அதிகமில்லை. நீ முதுகுக்கு எண்ணெய் போட்டுக்கொள்கிறாயா?

நீ சொல்வதுபோல் அவன் சும்மா பேசிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பேச்சின் நடுவில் நாலு வரி வருகிறது:

உயிரே, நீ என் வீட்டில் குடியிருக்கிறாயா,
நான் உன் வீட்டில் குடியிருக்கிறேனா?
காலி செய்யச் சொல்லும் உரிமை
நம் இருவரில் யாருக்கு?

இதைப் பத்து வருஷம் கரும்பலகையில் எழுதி அர்த்தம் சொல்லியிருக்கிறேன். பரீட்சைக்கு ஐந்து மார்க். இப்போது ஒத்திகையில் சொல்லும்போதுதான் இது கவிதை இல்லை, கேள்வி என்று தெரிகிறது. சொல்லிவிட்டு அவன் பதிலுக்குக் காத்திருக்கிறான். பதில் வருவதில்லை.

நீ கேட்காதே என்றாய். நான் கேட்கவில்லை, ஒன்று சொல்கிறேன். அன்று காலை உனக்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன். கொல்லைக்குப் போனேன். கிணற்றடியில் அப்பாவின் செருப்பு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, கோயில் வாசலில் விடுவதுபோல. நான் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். பிறகு ஊர் கூடியபோது வெளியே ஒற்றைச் செருப்புதான் இருந்தது. இன்னொன்றைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். செருப்போடு வழுக்கி விழுந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் "ரெண்டும் வெளியேதான் இருந்துச்சு" என்றேன். நீ, "தூக்கக் கலக்கத்துல பார்த்திருப்பே" என்றாய்.

இருபத்துமூன்று வருஷமாக அதை யோசிக்கிறேன். நான் பார்த்தது சரியா, தூக்கக் கலக்கமா?

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

குச்சி


பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. இங்கே வேலை மூச்சு முட்டுகிறது. எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். மருந்துக் கடையில் சும்மா ஒரு பாட்டில் வாங்கிக் குடிக்காமல் டாக்டரிடம் காட்டு.

பன்னிரண்டாம் தேதி கதவு லாரியில் ஏறுகிறது. இறக்கும்போது நிலையை முதலில் நிறுத்தவேண்டும். நாலு பக்கமும் முட்டுக் கொடு. கதவை மாட்டியபின் இரண்டு ஆள் எப்போதும் பின்னால் நிற்கட்டும். கீழ்க் கீலில் எண்ணெய் விடு, இல்லாவிட்டால் உன் சோகமான இடத்தில் அது கிரீச் என்று கத்தி ஜனங்கள் சிரித்துவிடுவார்கள். லாரிக்காரர் நம்ம ஆள்தான். அவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடு.

உன் நாலு வரியை உன் மாமாவிடம் படித்தேன். அவர் பாலிஷ் துணியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை படிக்கச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு யாருடையது, குடியிருப்பது யார் என்று தளபதியும் உயிரும் வழக்காடுகிறார்களே, அதே வீட்டில் மற்றவர்கள் இருக்கமாட்டார்களா? காலி செய்கிறவன் பக்கத்து அறையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகமாட்டானா? இப்படி எழுதியவனுக்கு அக்கா தங்கை யாரும் இருந்திருக்கமாட்டார்கள். இருந்திருந்தால் அந்தப் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

செருப்பைப் பற்றி இனி எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

கதவு பத்திரமாக வந்து சேர்ந்தது. அரங்கில் நிறுத்திவிட்டோம். நீ சொன்னபடி முட்டுக் கொடுத்து, எண்ணெய் விட்டு, இரண்டு பேர் பின்னால் நிற்கிறார்கள். என்ன அழகான கதவு! நேற்று ஒத்திகை முடிந்து எல்லோரும் போனபின் அதன்மேல் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

லாரி சும்மா திரும்புகிறதே என்று ஒரு பெட்டி ஏற்றியிருக்கிறேன். என் புத்தகங்கள், மேஜை விசிறி, குளிருக்குப் போடும் கோட்டு, இரண்டு நல்ல போர்வை. இங்கே அறையில் இடம் பற்றவில்லை, ஒருத்தனுக்கு எதற்கு இவ்வளவு? புத்தகத்தை யாராவது படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடு. என் கைக்கடிகாரத்தை மாமாவுக்கு என்று தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன். அவர் ஒருநாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

அப்பா விஷயம் இனி கேட்கமாட்டேன். தெரிந்து என்ன ஆகப்போகிறது? நீ சொன்னது போதும்.

இதற்குப் பதில் எழுத மெனக்கெடாதே. உனக்கு வேலை இருக்கும். உன் உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா. மாமாவையும்.

குச்சி


பிப்ரவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் இருமல் எப்படி?

பெட்டி வந்தது. உன் மாமா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, யாரும் மணி கேட்காதபோதே மணி சொல்லிக்கொண்டு திரிகிறார். விசிறி கடையில் என் தலைக்கு மேல் ஓடுகிறது. கோட்டு எனக்குத் தோள்பட்டை சரியாக இருக்கிறது, கை மட்டும் நீளம், மடித்துத் தைத்துக்கொள்வேன். நல்ல துணி. நீ இப்படிப் பொருளைக் கட்டிவைத்துக்கொண்டு ஆளாமல் இருப்பதைவிட இதுதான் சரி. இப்போதாவது புத்தி வந்ததே.

ஏன் அனுப்பினாய் என்று நான் கேட்கவில்லை, பார்த்தாயா? தொழில் பழக்கம். வீட்டை இடிக்கிறவனிடம் ஏன் இடிக்கிறாய் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் வியாபாரத்தின் முதல் பாடம். கேட்டால் அவன் சொல்ல ஆரம்பிப்பான். சொல்லும்போதே கை கதவைத் தடவும். தடவினால் போச்சு, விற்கமாட்டான். அதனால் நான் நகத்தால் பெயின்டைச் சுரண்டி மரத்தைப் பார்ப்பேன், விலையைச் சொல்வேன், ஆளைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்வேன். வாயே திறக்கமாட்டேன். இருபது வருஷத்தில் இப்படித்தான் ஒரு தகரக் கொட்டகையிலிருந்து மூன்று கூரை ஆக்கினேன்.

நாடகம் பார்க்க வருகிறோம். முன்வரிசையில் இரண்டு இடம் போடு. உன் தளபதி பேசும்போது நான் கொட்டாவி விட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அக்கா


மார்ச் 18

குச்சி,

நான் எழுதி மூன்று வாரம் ஆகிறது. பதில் எங்கே? கல்லூரிக்குப் போன் செய்தேன். "சார் லீவுல இருக்காருங்க, பத்து நாளாச்சு" என்றார் ஆபீஸில். ஒத்திகைக்கு மட்டும் வந்து போகிறாயாம். யாரைக் கேட்டு லீவு? காய்ச்சலா? காய்ச்சல் என்றால் சொல்வதற்கென்ன? வாயில் கொழுக்கட்டையா?

இங்கே ஒரு சங்கதி நடந்தது. போன வாரம் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஆபீஸ் உத்தியோகம் மாதிரி தெரிந்தது. வீட்டுக் கதவு, ஜன்னல், அலமாரி, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் எப்போதும்போல அடிமட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் "சரிங்க" என்றார். அவ்வளவுதான். பேரமே இல்லை. இருபது வருஷத்தில் என் முதல் வார்த்தைக்குச் சரி சொன்ன ஒரே ஆள். எனக்கு ஒரே சந்தோஷம். உன் மாமாவிடம் வந்து பெருமை அடித்தேன். அவர் பாலிஷ் போட்டுக்கொண்டே, "ஏன் விக்கிறார்னு கேட்டியா?" என்றார். "அது நம்ம வேலையா?" என்றேன். "இல்லதான்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "குச்சி பெட்டி அனுப்பினானே, அவனையாவது கேட்டியா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரை என்னென்னவோ சொல்லிவிட்டேன். பிறகு அந்த ஆள் வீட்டுக்கு நானே போனேன். மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போகிறாராம், அதனால்தான் விற்றாராம். என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உடனே பதில் எழுது. ஏன் லீவு, ஏன் பெட்டி, இரண்டும் எழுது. உடம்பு எப்படி என்றும் எழுது.

அக்கா


மார்ச் 23

அன்புள்ள அக்கா,

எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் அசதி, அதனால் லீவு.

நாடகத்துக்கு நீங்கள் வரவேண்டாம். தூரம். உனக்கு முதுகு. கதவைத் தாடி பொறுப்பாகத் திருப்பி அனுப்புவார், அவரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். லாரிக்காரரின் முகவரியும் கொடுத்துவிட்டேன்.

என்னை வளர்த்ததற்கு நான் உனக்கு நன்றி சொன்னதே இல்லை. சொல்லிவிடுகிறேன். நன்றி, அக்கா.

தம்பி


மார்ச் 27, காலை பத்தரை
நீ குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா கூடத்திலிருந்து

குச்சி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இன்று முடியாது. நான் நலமாக இல்லை. நீயும் இல்லை.

நன்றியாம், நன்றி. முப்பத்திரண்டு வயதுவரை ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட எனக்கு நன்றி சொல்லாதவன். நேற்று மதியம் உன் கடிதம் வந்தது. கடையைப் பூட்டிவிட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். கதவைத் தட்டினால், "போ அக்கா, தலைவலி, அப்புறம் பேசலாம்" என்கிறாய். கத்தினேன். நீ பேச்சையே நிறுத்திவிட்டாய். வீட்டுச் சொந்தக்காரம்மா என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துவந்துவிட்டார். "கத்தினா பிள்ளை திறக்காதும்மா, எழுதிக் கொடுங்க" என்று தாளும் பேனாவும் கொடுத்தார். அதனால் ஒரே வீட்டிலிருந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். கூத்துதான்.

உன் மாமா உன் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறார். இதை அவர்தான் கதவுக்கு அடியில் தள்ளுவார். அங்கிருந்து நகரமாட்டார். அவ்வப்போது "குச்சி" என்று கூப்பிடுவார், நீ ஒரு சத்தம் கொடுக்கவேண்டும். உன் கதவைப் பார்த்துவிட்டேன். ஒட்டுப்பலகை, கீல் வெளிப்பக்கம். திருப்புளி மாமா பையில் இருக்கிறது. நீ சத்தம் கொடுக்காவிட்டால் இரண்டு நிமிடத்தில் அந்தக் கதவு தரையில் இருக்கும். ஆனால் நான் கழற்ற வரவில்லை. நீ திறக்கவேண்டும்.

முதலில் உனக்குத் தரவேண்டியதைத் தந்துவிடுகிறேன்.

நீ பார்த்தது சரி. செருப்பு இரண்டும் வெளியேதான் இருந்தது. ஒன்றை நான்தான் எடுத்துக் கிணற்றில் போட்டேன். போட்டுவிட்டுத்தான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன். எனக்கு வயது பத்தொன்பது. அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை, அப்படி வேலை செய்தது புத்தி. ஊர் என்ன பேசும், உன்னை எப்படிப் பார்க்கும், பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கூப்பிடும், எல்லாம் ஒரு நொடியில் ஓடியது. கால் தவறியவரின் பிள்ளையாக நீ வளரட்டும் என்று நினைத்தேன். உன் கண்ணைப் பொய் என்று சொல்லி உன்னை வளர்த்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று உன் கடிதம் படித்த அன்றே தெரிந்தது. தெரிந்தும் உன்னைத்தான் திட்டி எழுதினேன்.

இன்னொன்று இருக்கிறது. இதை உன் மாமாவிடம்கூட நேற்று பஸ்ஸில்தான் சொன்னேன்.

வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டு, அப்பா வீட்டில் இருந்த மூன்றாவது மாதம். அந்த வாரம் திங்கட்கிழமை அம்மாவின் கம்மலை எடுத்து என்னிடம் கொடுத்தார். அம்மா போனபின் ஒன்பது வருஷம் யாரும் தொடாதது. புதன்கிழமை தன் பேனாவை எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை உனக்குப் புதுச்சட்டை, ஒரு அளவு பெரிதாக. அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்றார். நான் கண்ணாடி முன்னால் நின்று காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், குச்சி. அவர் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை. "ஏம்ப்பா இப்ப கொடுக்கிறீங்க?" அந்த ஒரு வார்த்தையைக் கேட்கவில்லை. கேட்டால் திருப்பி வாங்கிக்கொள்வாரோ என்று பயம். கம்மல் அவ்வளவு அழகாக இருந்தது.

பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டேன். கேட்காமல் வாங்குவது. ஊரெல்லாம் என்னைக் கெட்டிக்காரி என்றது. உன் பெட்டி வந்தபோதும் கோட்டைப் போட்டு அதே கண்ணாடி முன்னால்தான் நின்றேன்.

எனக்கு அப்பா மேல் ஆத்திரம். இருபத்துமூன்று வருஷமாக ஒருநாள் குறையாமல் ஆத்திரம். பத்தொன்பது வயசுப் பெண்ணிடம் ஒன்பது வயசுப் பையனை விட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போனார். உன் தளபதி மேல் ஆத்திரம். அவனுக்குப் பதினோரு நிமிடம் கொடுத்து, பக்கத்தில் ஒரு ஜீவனை நிறுத்தாமல் எழுதினானே, அவன் மேல் ஆத்திரம். முந்நூறு வருஷமாக ஜனங்கள் இருட்டில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்டுக் கை தட்டுகிறார்களே, ஒருத்தராவது எழுந்து, "யோவ், கொஞ்சம் நிறுத்து, இப்படி வந்து உட்காரு" என்று சொன்னதுண்டா? எல்லாரையும்விட என் மேல் ஆத்திரம். நானும் அப்படித்தானே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்?

அதனால் இப்போது கேட்கிறேன். சுற்றி வளைக்கத் தெரியாது. நீ செத்துப்போக நினைக்கிறாயா? ஆமாவா, இல்லையா?

ஆமாம் என்றால் நான் மயங்கி விழமாட்டேன். உனக்கு என்ன குறை என்று கேட்கமாட்டேன். அப்பாவை எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். உன் பெண்டாட்டி உன்னை விட்டுப் போனதாலா, வேறு எதனாலா, காரணமே இல்லையா, எதுவானாலும் சொல்லு. சொல்லத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லு. இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறாராம். சாயங்காலம் நாலு மணிக்கு உன் பெயர் கொடுத்தாயிற்று. நானும் மாமாவும் கூட வருவோம். அப்புறம் எங்களோடு வருகிறாயா, நாங்கள் இங்கே இருப்பதா என்று நீ சொல்லு. கடை கிடக்கட்டும். பழைய கதவு எங்கேயும் ஓடிப்போகாது.

கால் மணி நேரம் தருகிறேன். பொய் எழுதாதே. நம் வீட்டில் அது போதும் போதும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அக்கா


அதே நாள், அதே தாளின் பின்பக்கம்

அக்கா,

எழுத வேறு தாள் இல்லை. மிச்சம் இருந்ததில் போன கடிதம் எழுதினேன், மற்றதெல்லாம் பெட்டியில் உனக்கு வந்துவிட்டதே.

ஆமாம்.

ஜனவரியிலிருந்து. அதற்கு முன்னாலும் இருந்திருக்கும், பெயர் தெரியாமல். காரணம் கேட்டால் அவள் போனதைச் சொல்லலாம், ஆனால் அது இல்லை. காலையில் கண் திறந்தால் இன்னொரு நாளா என்று இருக்கிறது. எதன்மேலும் ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. ஒத்திகையில் அந்தப் பேச்சைப் பேசும்போது மட்டும் ஒரு நிம்மதி. தாடி "பிரமாதம், இப்பத்தான்யா புரிஞ்சிருக்கு உனக்கு" என்று முதுகில் தட்டினார். வெளியே வந்து சிரித்தேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். செருப்பு வரியை ஐந்தாறு முறை. நீ என்ன செய்திருக்கிறாய் தெரியுமா? பரீட்சையில் எழுதியதை அடித்துவிட்டு, சரியாக இருந்ததைத் தப்பாக மாற்றி எழுதுவேன். பூட்டிய வீட்டைப் பூட்டினேனா என்று நாலு முறை வந்து பார்ப்பேன். அவள் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தையே, "உங்க கண்ணால பார்த்ததையே நம்ப மாட்டேங்கிறீங்க" என்பதுதான். எல்லாம் ஒற்றைச் செருப்பு. எனக்காகச் செய்தாயாம்! யார் கேட்டது உன்னை? கால் தவறியவரின் பிள்ளையாக இருந்து என்ன கண்டேன் நான்? இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது.

அப்பா அந்தச் சட்டையை ஒரு அளவு பெரிதாக எடுத்தார் என்பது எனக்கு இதுவரை தெரியாது. அதைப் பற்றி உன்னிடம் கேட்கவேண்டும். இன்னும் நிறையக் கேட்கவேண்டும், தாளில் இடமில்லை.

நாலு மணிக்கு வருகிறேன். அதற்குமேல் எதையும் இப்போது என்னால் சொல்ல முடியாது.

மாமா "குச்சி, குச்சி" என்று நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார், சத்தம் கொடுத்துக் கொடுத்துத் தொண்டை வற்றுகிறது. தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். மேலே வா. வந்ததும் கத்துவாய், தெரியும். கத்து. நானும் கத்தப்போகிறேன்.

தம்பி